மூன்றாம் கட்டத்துக் குஞ்சுகள்

ஏப்ரல் 24, புதன்

இது வலைக்கடையில் வருடப்பிறப்புக்குச் சும்மா கொடுத்த டைரி. நாலு மாதமாக அலமாரியில் வெறுந்தாளாகக் கிடந்தது. இன்றைக்கு எடுத்ததற்கு ஒரே காரணம், பேச ஆளில்லை. கடல் நடுவே இந்தக் கோரைத்திட்டுத் தீவில் நானும் ஆலாப் பறவைகளும்தான். அதுகள் எங்கே பேசுகின்றன, கத்துகின்றன. விடிந்ததிலிருந்து கிரீச் கிரீச்சென்று ஒரே கூப்பாடு. எனக்கு நல்ல காது ஒன்றுதான் மிச்சம். அதையும் கிழிக்காமல் விடாது போல.

என் பெயர் இஞ்ஞாசி. வயது நாற்பத்தாறு. இருபத்திரண்டு வருடம் சங்கு குளித்தேன். போன வருடம் இடது காதில் சவ்வு கிழிந்து ரத்தம் வந்தது. இனிமேல் தண்ணீருக்குள் தலையை விட்டால் மற்றக் காதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதிலிருந்து தங்கச்சி மதலேன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அவள் புருஷன் தொம்மை ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. சுளித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இந்த வேலையையும் அவன்தான் பிடித்துக் கொடுத்தான். பறவை ஆராய்ச்சி பண்ணுகிற உமையாள் மேடம் அவனுடைய வள்ளத்தில்தான் வந்து போவார்கள். நாற்பத்தைந்து நாள் திட்டில் தங்க வேண்டும். கூடுகளை எண்ண வேண்டும், குஞ்சு பொரித்ததும் எடை போட வேண்டும், காலையும் மாலையும் கடல் தண்ணீரின் சூட்டை அளக்க வேண்டும். எல்லாவற்றையும் ஆபீஸ் நோட்டில் ஏற்ற வேண்டும். தகரக் கொட்டகை ஒன்று, அடுப்பு ஒன்று, குடிதண்ணீர்க் கேன் எட்டு. தொம்மை இரண்டு நாளைக்கு ஒருமுறை வருவான்.

திட்டைச் சுற்றி நடந்தால் அறுநூற்றுப் பத்து எட்டு. இன்றைக்கு மட்டும் பதினோரு சுற்று வந்துவிட்டேன். உட்கார முடியவில்லை.

ஏப்ரல் 27, சனி

கூடு என்று சொல்கிறார்கள். ஒரு கூடும் இல்லை. மணலில் நெஞ்சை வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்து, அந்தக் குழியில் இரண்டு முட்டை. அவ்வளவுதான் வீடு. இது சின்ன ஆலா, கைக்குள் அடங்கும். வெள்ளை உடம்பு, கறுப்புத் தொப்பி, மஞ்சள் மூக்கு. திட்டைக் கயிறு கட்டி மூன்று கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் கட்டத்தில் நாற்பத்தொரு கூடு, இரண்டாவதில் முப்பத்தெட்டு, மூன்றாவதில் நாற்பது.

எண்ணப் போனால் தலையில் கொத்துகின்றன. தொப்பியில் குச்சி செருகிக்கொண்டு போகிறேன், குச்சியைக் கொத்தட்டும் என்று. சனியன்கள்.

தண்ணீர் 31 டிகிரி. வழக்கமாக இந்த மாதத்தில் 29 இருக்கும் என்று நோட்டின் பழைய பக்கங்கள் சொல்கின்றன.

மே 2, வியாழன்

தண்ணீர் 32. கால் நனைத்தால் வெந்நீர் மாதிரி இருக்கிறது, குளிர்ச்சியே இல்லை. தொம்மை வந்தான். வள்ளத்திலிருந்து இறங்கும்போதே புலம்பல்.

"மச்சான், பாரு வெளுத்துட்டு வே. கெழக்க பூரா சுண்ணாம்பு அடிச்ச கணக்கா கெடக்கு. நீரு பாத்தா அழுதுருவீரு."

பார் என்றால் கடலுக்கு அடியில் இருக்கிற பவளப்பாறை. நான் இருபது வருடம் அதற்கு மேலேதான் நீந்தினேன். தவிட்டு நிறம், பச்சை, ஊதா என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நிறம் இருக்கும். வெளுத்துப் போனால் செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். போய்ப் பார்க்கலாம் என்று கால் துடித்தது. கண்ணாடியை மாட்டி ஒரு முங்கு போட்டால் தெரிந்துவிடும். காதை நினைத்து நிறுத்திக்கொண்டேன்.

"மீனு?" என்று கேட்டேன்.

"கெடைக்கும், கெடைக்கும்" என்று சொல்லிவிட்டு கேனை இறக்கப் போய்விட்டான்.

மே 7, செவ்வாய்

மேடம் வந்தார்கள். கூடவே நாட்டு ஓடு நாற்பது. மூன்றாம் கட்டத்தில் ஒவ்வொரு கூட்டுக்கும் பக்கத்தில் இரண்டு கல் வைத்து, அதன்மேல் ஓட்டைக் கவிழ்த்தோம். குஞ்சு பொரித்ததும் வெயிலுக்கு உள்ளே போய் ஒதுங்கிக்கொள்ளுமாம். முதல் கட்டத்துக்கும் இரண்டாவதற்கும் ஓடு கிடையாது, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

வேலை முடிந்து டீ குடிக்கும்போது மேடம் விளக்கமாகச் சொன்னார்கள். "போன வருஷம் பாதிக்கு மேல குஞ்சு செத்துப்போச்சு அண்ணா. எதனாலன்னு தெரியணும். வெயில்ல சாகுதுன்னா நிழல் குடுத்தாப் போதும். மீன் இல்லாம சாகுதுன்னா நிழல் எதுக்கும் உதவாது. அப்ப இதுக குஞ்சு பொரிக்கிற மூணு மாசமும் திட்டைச் சுத்தி ரெண்டு மைலுக்குப் பொடிக்கண்ணி வலை போடக் கூடாதுன்னு நாங்க எழுதியாகணும்."

பொடிமீன் பிடிக்கிற அந்தச் சின்னக் கண்ணி வலை தொம்மையினுடையது. திட்டைச் சுற்றி சூடை என்கிற மீனின் குஞ்சைப் பிடித்துத்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கிறது. அவன் டீ கிளாசை மணலில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். பிறகு சிரித்துக்கொண்டே, "நெழலு போதும் மேடம், வெயிலு என்ன வெயிலு!" என்றான்.

மே 12, ஞாயிறு

பொரிக்க ஆரம்பித்துவிட்டது. பஞ்சு உருண்டைக்குக் கால் முளைத்த மாதிரி ஒன்று முதல் கட்டத்தில் தள்ளாடிக்கொண்டு போனது. ஏழு கிராம். தராசுப் பையில் போட்டால் பையின் எடைதான் அதிகம்.

எனக்கு இதெல்லாம் பிடிக்காது. ஆனாலும் பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மே 15, புதன்

தண்ணீர் 33.

வேறு வேலை இல்லை என்று, தாய் தகப்பன் போய் மீனோடு திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று கைக்கடிகாரம் வைத்துப் பார்த்தேன். போன வருட நோட்டில் இருபது நிமிஷம், அரை மணி என்று இருக்கிறது. இன்றைக்கு நான் பார்த்தது இரண்டே கால் மணி, மூன்று மணி. ஒன்று வரவே இல்லை. சூடான தண்ணீரில் பொடிமீன் மேலே நிற்காது, ஆழத்துக்கு இறங்கிவிடும். ஆலா ஒரு சாணுக்கு மேல் முங்காது. எனக்குத் தெரிந்த விஷயம் அது மட்டும்தான், முங்குவது.

கொண்டு வருகிற மீனும் சரியில்லை. காரலைக் கொண்டு வருகின்றன. தட்டையும் அகலமும் முள்ளுமாக இருக்கும் அது. முதல் கட்டத்தில் ஒரு குஞ்சு அதை விழுங்கப் பார்த்து, தொண்டையில் மாட்டி, மீன் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கச் செத்துக் கிடந்தது. வாய் பிளந்தபடியே இருந்தது. 

மே 16, வியாழன்

தொம்மையிடம் அரைக் கிலோ சூடைக் குஞ்சு கேட்டு வாங்கினேன். குழம்புக்கு. சுண்டுவிரலில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது என்றேன்.

"கொழம்புக்கு எதுக்கு மச்சான் அளவு?"

"பல்லு சரியில்ல."

அவன் என் வாயை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான்.

மே 18, சனி

கஞ்சி, நார்த்தங்காய் ஊறுகாய். சோப்புப் போட்டுக் கழுவியும் கை நாறுகிறது. முள்வாங்கியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடினேன், சட்டைப் பையிலேயே இருந்தது.

தொம்மையிடம் இன்னும் ஒரு கிலோ கேட்டிருந்தேன். மீன் ஐஸில் விறைத்து வந்தது. வெயிலுக்குக் கெட்டுப்போகாமல் இருக்கப் போட்டேன் என்றான். ஒரு மணி நேரப் பயணத்துக்கு இவ்வளவு ஐஸா? அவனுடைய வலது தோளில் தோல் உரிந்து சிவந்திருந்தது. கேட்டால், எஞ்சினைத் தூக்கும்போது பட்டது என்கிறான்.

மே 20, திங்கள்

கணக்கு. முதல் கட்டத்தில் உயிரோடு இருப்பது ஒன்பது. இரண்டாவதில் ஏழு. மூன்றாவதில் இருபத்திரண்டு.

போன் எடுக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான், வடகோடியில் கவிழ்ந்து கிடக்கிற கான்கிரீட் தூணின் மேல். அதில் ஏறி நின்று மேடத்துக்குச் சொன்னேன். "இருபத்திரண்டா? இருபத்திரண்டா?" என்று இரண்டு தடவை கேட்டார்கள். சிரிப்பது போனிலேயே கேட்டது. "ஓடு வேலை செய்யுது அண்ணா!"

 காற்றில் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி இறங்கிவிட்டேன். இன்றைக்குப் பதினாறு சுற்று.

மே 23, வியாழன்

சரி, எழுதித் தொலைக்கிறேன். இனி இந்த டைரிக்கும் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

குழம்பு வைக்கவில்லை. ஒருநாளும் வைக்கவில்லை. பதினாறாம் தேதியிலிருந்து மூன்றாம் கட்டத்துக் குஞ்சுகளுக்கு மீன் ஊட்டிக்கொண்டிருக்கிறேன். விடிந்ததும் ஒரு தடவை, உச்சியில் ஒரு தடவை, பொழுது இறங்குகிறபோது ஒரு தடவை. ஓட்டை லேசாகத் தூக்கினால் உள்ளே ஒண்டிக்கொண்டிருக்கும். முள்வாங்கியில் மீனைப் பிடித்து மூக்கில் தட்டினால் வாயைத் திறக்கும். முதல் கட்டத்திலும் இரண்டாவதிலும் குஞ்சுகள் செடிக்குள் சிதறி ஓடிவிடுகின்றன, பிடிக்க முடியவில்லை. மூன்றாவதில் ஓட்டுக்கு அடியில் இருந்த இடத்திலேயே கிடைத்தன. அதனால்தான் அங்கே. ஓடு பண்ணிய உதவி அவ்வளவுதான்.

குஞ்சுக்குத் தீனி போடக் கூடாது, தொட்டால் எடை போட மட்டும்தான் என்று முதல் நாளே மேடம் சொல்லியிருந்தார்கள். தெரிந்தேதான் செய்தேன்.

இன்றைக்குத் தொம்மை சொல்லாமல் கொள்ளாமல் மதியம் வந்துவிட்டான். நான் மணலில் குப்புறப் படுத்து ஓட்டுக்குள் கையை விட்டிருந்தேன். பின்னால் நின்று எவ்வளவு நேரம் பார்த்தானோ.

"இதா ஒம்ம கொழம்பு?" என்றான்.

எழுந்து மணலைத் தட்டினேன். திட்டுவான் என்று நினைத்தேன். அவன் ஓட்டையும் குஞ்சையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தான். ஏதோ கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. பிறகு முதுகில் ஒரு தட்டுத் தட்டினான்.

"நல்லா போடும் மச்சான். நாளைக்கு ரெண்டு கிலோ கொண்டாறேன். இதுக பொழச்சா நமக்குத்தான நல்லது."

மே 25, சனி

மேடம் வந்தார்கள், கேமராவோடு. மூன்றாம் கட்டத்தில் இப்போது பன்னிரண்டு இருக்கின்றன. பத்து செத்துவிட்டன. எல்லாவற்றுக்கும் ஊட்ட எனக்குக் கை போதவில்லை. மற்ற இரண்டு கட்டங்களிலும் சேர்த்து ஒன்றே ஒன்று.

மேடம் பன்னிரண்டுக்கும் காலில் நம்பர் வளையம் போட்டார்கள். ஒவ்வொன்றாக ஓட்டோடு சேர்த்துப் படம் எடுத்தார்கள். முகமெல்லாம் சந்தோஷம். மூன்று வருடமாக இந்தப் பறவைகள் பின்னால் அலைகிற பொம்பளைப் பிள்ளை. வெயிலில் மூக்குத் தோல் உரிந்து கிடக்கிறது. "அண்ணா, அடுத்த வருஷம் எல்லாத் திட்டுலயும் ஓடு வைக்கப் போறோம். ஆய்வுச் சுருக்கம் எழுதி ஆபீசுக்கு அனுப்பிட்டேன். வலைக்குத் தடை எதுவும் கேட்கல. தொம்மை அண்ணனுக்கும் நிம்மதி."

தொம்மை பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. தண்ணீர் சூடு பார்க்க வேண்டும் என்று கடல் ஓரமாகப் போய்விட்டேன்.

எல்லாத் திட்டிலும் ஓடு. ஆயிரம் ஓட்டுக்கு அடியில் ஆயிரம் குஞ்சு நிழலில் சொகுசாக உட்கார்ந்து பட்டினி கிடந்து சாகப்போகிறது. அங்கே முள்வாங்கியோடு எந்தக் கிறுக்கன் போவான்?

மே 27, திங்கள்

இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் ஓடு ஓடாகத் தெரிகிறது. இன்றைக்குத் தொம்மை வந்ததும் பட்டென்று சொல்லிவிட்டேன், மேடத்திடம் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று.

"எதுக்கு?" என்றான்.

"அந்தப் பிள்ள தப்பா எழுதிட்டுப் போவுதுல்லா."

"எழுதட்டுமே வே. ஒமக்கு என்ன நட்டம்? இருக்க வேலையும் போவும், என் வலையும் போவும். ஒம்ம தங்கச்சி பிள்ளைகளுக்கு நீரா கஞ்சி ஊத்துவீரு?"

"ஊத்த முடியாது மாப்ள. ஒன் கஞ்சியத்தான் நானே குடிச்சிட்டிருக்கேன்."

"அந்த நெனப்பு இருந்தாச் சரி. வாய மூடிட்டு இரும்."

இதுவரை அவன் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. மீன் பையை மணலில் வீசிவிட்டுப் போய்விட்டான். பையைப் பொறுக்கிக்கொண்டு போய் பன்னிரண்டுக்கும் ஊட்டினேன். எனக்கு அழுகை வந்தது. ஆறு வயதுக்கு அப்புறம் நான் அழுததில்லை, காது கிழிந்தபோதுகூட.

மே 28, செவ்வாய்

தூணில் ஏறி மேடத்துக்குப் போன் போட்டேன். பன்னிரண்டு நாளாக நான் ஊட்டுகிறேன் என்று சொன்னேன்.  

"எவ்வளவு ஊட்டினீங்க?"

"ஒண்ணுக்கு மூணு, நாலு மீனு. மூணு வேள."

"அதுகளோட அப்பா அம்மாவும் கொண்டுவந்திருக்கும்ல? நிழலும் இருந்துச்சு. எது காப்பாத்துச்சுன்னு எப்படி அண்ணா சொல்ல முடியும்?"

"எனக்குத் தெரியும் மேடம்."

"உங்களுக்குத் தெரியும். ஆபீஸ்ல நான் எதைக் காட்டுறது? நோட்டுல ஒரு வரி இல்ல. நீங்க வேற எங்கயாவது எழுதி வெச்சிருக்கீங்களா?"

இந்த டைரி நினைவுக்கு வந்தது. இதில் என்ன எழுதி வைத்திருக்கிறேன்? குழம்பு, பல் சரியில்லை என்று எழுதி வைத்திருக்கிறேன். இருபத்துமூன்றாம் தேதி உண்மையை எழுதியதிலும் எந்தக் குஞ்சுக்கு எத்தனை மீன் என்று ஒரு எண் இல்லை. தலையில் அடித்துக்கொண்டேன்.

"உங்க மேல கோவம் இல்ல அண்ணா" என்றார்கள். குரல் கோபமாகத்தான் இருந்தது. "ஆனா அனுப்பின சுருக்கத்தை ஒருத்தர் வாய்ச்சொல்லுக்காகத் திரும்பி வாங்க முடியாது. நாலாம் தேதி நேர்ல வரேன், பேசுவோம்."

மே 29, புதன்

விடிகிற வரை நடந்தேன். எத்தனை சுற்று என்று தெரியாது. ஒரே வழிதான் இருக்கிறது. ஓடு காப்பாற்றுகிறது என்றால் ஓடே காப்பாற்றட்டும்.

வளையத்தில் ஒற்றை எண் இருக்கிற ஆறுக்கு வழக்கம்போல மீன். இரட்டை எண் ஆறுக்கு இல்லை. எல்லாவற்றுக்கும் அதே நிழல், அதே வெயில். காலையும் மாலையும் எடை. நாலாம் தேதி மேடம் வருகிற வரை. இது எல்லாவற்றையும் ஆபீஸ் நோட்டில், தேதியும் மணியும் போட்டு, புதுப் பக்கத்தில் எழுதினேன்.

காலையில் பன்னிரண்டின் எடையும் இருபத்தொன்பதுக்கும் முப்பத்துநாலுக்கும் நடுவில். இன்னும் ஒரு வாரம் போனால் பறக்க வேண்டிய குஞ்சுகள், சிறகு பாதி முளைத்திருக்கிறது.

இரட்டை எண்கள் இருக்கிற ஓட்டைத் தாண்டிப் போகும்போது, என் காலடிச் சத்தம் கேட்டே வாயைத் திறந்தன. ஆண்டவரே, நான் பழக்கிய பழக்கம். நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரித் தாண்டிப் போனேன்.

மே 30, வியாழன்

இரட்டை எண்களில் எல்லாம் மூன்று கிராம், நாலு கிராம் குறைந்திருக்கிறது. ஒற்றை எண்களில் ஒன்றுகூடக் குறையவில்லை. தாய் ஆலா ஒன்று மதியம் வந்தது, நாலாம் நம்பருக்கு ஒரு காரலைக் கொடுத்தது. அது விழுங்க முடியாமல் கீழே போட்டது. தாய் எடுத்து மறுபடியும் கொடுத்தது. ஏழு தடவை. பிறகு மீனை மணலில் விட்டுவிட்டுத் தாய் பறந்துவிட்டது.

தண்ணீர் 33.

மே 31, வெள்ளி

இரண்டாம் நம்பரும் ஆறாம் நம்பரும் போய்விட்டன. நிழலில்தான் கிடந்தன. ஓட்டுக்கு அடியில் வெயில் ஒரு பொட்டு இல்லை.

நோட்டில் எழுதினேன். மேடத்துக்குப் போனில் எடைகளை வாசித்தேன். "ம்" என்று மட்டும் சொன்னார்கள்.

ஜூன் 1, சனி

நாலாம் நம்பர், பத்தாம் நம்பர். எட்டாம் நம்பரும் மதியத்தோடு போயிற்று. ஐந்தையும் கொட்டகையில் துணி விரித்து வரிசையாக வைத்திருக்கிறேன், மேடம் பார்க்க வேண்டும் என்று. ஐந்தையும் சேர்த்தால் ஒரு மாம்பழக் கனம்கூட இல்லை.

தொம்மை மீனோடு வந்தான். திங்கட்கிழமைக்குப் பிறகு இன்றைக்குத்தான் பேச்சு. கொட்டகைக்குள் வந்து துணியைப் பார்த்தான். நான் என்ன செய்கிறேன் என்று சொன்னேன். அவன் வாசலில் உட்கார்ந்துவிட்டான்.

"ஏம்வே, ஒமக்கு மனசே இல்லியா?" என்றான்.

"மனசு இருந்ததாலதான் மாப்ள இம்புட்டும் வந்துச்சு."

கொஞ்ச நேரம் மணலைக் கிண்டினான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"மச்சான், நான் கொண்டாந்த மீனு ஒண்ணுகூட இந்தத் தண்ணி மீனு இல்ல."

எனக்கு விளங்கவில்லை.

"மேக்குக் கரையில இருந்து லாரில வருது. கோழித் தீவனத்துக்குப் போற பொடி மீனு. அதுல பொறுக்கிப் பொறுக்கி ஒமக்குக் கொண்டாறேன். மே மாசம் பொறந்ததுல இருந்து எனக்கு வலையில சொறிமீனும் காரலும்தான் வே ஏறுது. பத்து நாளு போட்டுப் பாத்தேன். பெறகு வலையத் தொடவே இல்ல. விடியக்காலம் ஐஸ் கம்பெனில பாளம் தூக்குதேன். மதலேன் நான் கடலுக்குப் போறேன்னு நெனச்சிட்டிருக்கா."

அவன் தோள் புண்ணைப் பார்த்தேன். எத்தனை நாளாகப் பார்க்கிறேன், ஒருநாளும் எனக்கு உறைக்கவில்லை. நானும் அவனும் ஒரே தண்ணீரின் இரண்டு பக்கம் நின்று ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

"அப்ப அன்னைக்கி எதுக்குல என் கூடச் சண்ட போட்ட? இல்லாத மீனுக்கா?"

"திரும்பி வந்துரும்னுதான்" என்றான். "தண்ணி ஆறும், மீனு வரும், அப்ப வலை போட எடம் வேணும்னுதான். கடல மூடினா மூடட்டும் மச்சான். ஒம்ம தங்கச்சிகிட்ட மட்டும் ஐஸ் கம்பெனியச் சொல்லிராதீரு. கடலோடிக்கு வாக்கப்பட்டிருக்கேன்னு அவ பெருமையா சொல்லிட்டுத் திரியுதா."

சொல்லமாட்டேன் என்றேன். மத்தியானம் இரண்டு பேரும் சேர்ந்து ஒற்றை எண்களுக்கு மீன் ஊட்டினோம். அவன் கை என் கையைவிடப் பதமாக இருந்தது. பன்னிரண்டாம் நம்பர் ஓட்டைத் தாண்டும்போது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஜூன் 2, ஞாயிறு

கோவில் நாள். தொம்மை பூசைக்குப் போகாமல் காலையிலேயே இங்கே வந்துவிட்டான்.

ஒற்றை எண் ஆறும் உயிரோடு இருக்கின்றன. முப்பத்தைந்துக்கு மேல் எடை. ஐந்தாம் நம்பர் இன்று காலையில் சிறகை விரித்து இரண்டு முழம் தூரம் எழும்பி விழுந்தது. இரட்டையில் பன்னிரண்டாம் நம்பர் மட்டும். முப்பத்தொன்றிலிருந்து பத்தொன்பதுக்கு வந்துவிட்டது. காலடி கேட்டால் இப்போது வாயைத் திறப்பதில்லை.

பதினோரு மணிக்குத் தூணில் ஏறி எல்லா எடைகளையும் வாசித்தேன். மேடம் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. கடைசி எண்ணைச் சொன்னதும், "இன்னொரு தடவை சொல்லுங்க அண்ணா" என்றார்கள். சொன்னேன்.

"சுருக்கத்தைத் திரும்ப வாங்கறேன்" என்றார்கள்.  "நாலாம் தேதி வரைக்கும் இதே மாதிரி முடிச்சிட்டா, யாரும் எதுவும் கேட்க முடியாது. இன்னும் ரெண்டு நாள்தான். முடியுமா?"

முடியும் என்றேன். சொல்லிவிட்டு இறங்கி நேராக மூன்றாம் கட்டத்துக்குப் போனேன். ஒரு சுற்று, இரண்டு சுற்று. ஓட்டைத் தூக்கினேன். தலை மணலில் சாய்ந்து கிடந்தது, கண் மட்டும் திறந்திருந்தது. ஆறில் ஐந்து போனது போதாதா? ஆறாவதும் செத்தால்தான் ஆபீஸ் நம்புமா? நம்பாவிட்டால் போகட்டும். ஐந்து பிணத்தைக் காட்டுகிறேன்.

"மாப்ள, அந்த டப்பாவ எடு" என்றேன்.

தொம்மை ஓடி வந்தான். முதல் மீனை அது விழுங்கவில்லை. மூக்கைப் பிரித்து உள்ளே வைத்துத் தொண்டையை விரலால் தடவினேன், இறங்கியது. இரண்டாவது இறங்கக் கால் மணி ஆயிற்று. மூன்றாவதைத் தானாகவே பிடுங்கியது. தொம்மை "சேசுவே" என்று சத்தமாகச் சொன்னான்.

நான் கொட்டகைக்குப் போய் ஆபீஸ் நோட்டை எடுத்தேன். அவன் பின்னாலேயே வந்தான்.

"எழுதணுமா மச்சான்? நம்ம ரெண்டு பேரத் தவிர யாரு பாத்தா? பன்னெண்டு தானா பொழச்சதுன்னு விட்டா என்ன, இல்ல செத்துட்டுன்னு எழுதினா என்ன?"

நான் பேனாவை உதறி மை வரச் செய்து, எழுதியதை அவனுக்கும் கேட்கும்படி வாசித்தேன்.

"எண் 12. ஜூன் 2, பகல் 11.40. எடை பத்தொன்பது கிராம். இனியும் பட்டினி போட முடியவில்லை. சூடைக் குஞ்சு மூன்று கொடுக்கப்பட்டது. மீன் வெளியூர் மீன், கொண்டு வந்தது தொம்மை. கொடுத்தது இஞ்ஞாசி."

தொம்மை நோட்டை என் கையிலிருந்து வாங்கினான். அந்த வரிகளைத் தானும் ஒருமுறை வாசித்தான். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கி, தன் பெயருக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டான்.